தகுதி: ஏதேனும் ஒரு பட்டம்

“மைனி, இதைப் பாருங்களேன், காளான் வளர்ப்பும் இருக்கு, கல்வெட்டியலும் இருக்கு, எல்லாம் ஒரே புஸ்தகத்துல”ன்னு ஆவுடை என் தோளை இடிக்கா. நான் எங்க காளானைப் பாத்தேன், கல்வெட்டைப் பாத்தேன். என் கண்ணு ஓடுறதெல்லாம் கடைசிக் கட்டத்துக்கு. பாடத்தோட பேரு, எத்தனை மாசம், என்னைக்கு வகுப்பு, தகுதின்னு நாலு கட்டம் போட்டு இந்தத் தொடர்கல்வி மையத்துல ஒரு கையேடு அடிச்சிக் குடுத்திருக்காங்க, அதுல நாலாவது கட்டத்தை மட்டும் வெரலை வச்சி வச்சி இறங்கிக்கிட்டு இருக்கேன், அரிசியில கல்லு பாக்கிற மாதிரி. ஏதேனும் ஒரு பட்டம். ஏதேனும் ஒரு பட்டம். பன்னிரண்டாம் வகுப்பு, அப்பாடி. ஏதேனும் ஒரு பட்டம். அது என்ன ‘ஏதேனும் ஒரு’? கடையில கொசுறு கேக்கிற மாதிரி ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும்ங்கான், எங்கிட்ட அந்த ஏதாவது ஒண்ணும் இல்ல. இருக்குன்னு என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவுக தங்கச்சி இந்த ஆவுடைக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், எதுத்த வீட்டு டீச்சருக்குத் தெரியும். இல்லைன்னு எனக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்குத் தெரியும், அவுக போய்ச் சேந்தாச்சு. அண்ணனுக்குத் தெரியும், அவன் மஸ்கட்ல கெடக்கான். சண்முகவடிவு, பி.எஸ்சி. இருபத்தேழு வருஷமா என் பேருக்குப் பின்னால வாலு மாதிரி அது ஒட்டிக்கிட்டு அலையுது. மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சொல்லுவாங்க, எனக்கு மடியில இல்லாததுதான் கனம். மைக்குல ஒரு பொம்பளப்பிள்ள பதினாலுங்கா. எங்க டோக்கன் இருபத்தாறு. இன்னும் பன்னிரண்டு பேரு இருக்கு, அதுக்குள்ள பட்டம் கேக்காத பாடமா ஒண்ணைப் புடிக்கணும், அதை எனக்கு ரொம்பப் புடிச்ச மாதிரியும் காட்டணும். ஃபேன் சுத்துது, காத்து வரல. முதுகுல வேர்வை ஒழுகி ரவிக்கை ஒட்டிப்போச்சு.

எல்லாத்துக்கும் அந்தக் கல்யாணப் பத்திரிகைதான் காரணம். அச்சாபீஸ்ல ப்ரூஃப் பாக்கப் போன அப்பாகிட்ட அந்த ஆளு, “அண்ணாச்சி, மாப்பிள்ளை பேருல டி.சி.இ. போட்டிருக்கு, பொண்ணு பேருல ஒண்ணும் காணலயே, மொட்டையா நிக்கே”ன்னு கேட்டிருக்கான். வேலையத்தவன். அவன் சோலியைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கலாம்லா? அப்பாவுக்கு சுருக்குன்னு ஆயிட்டு. மகளை மூணு வருஷம் பஸ் ஏத்தி காலேஜுக்கு அனுப்பினவுக, பரீட்சையெல்லாம் எழுதி முடிச்சாச்சு, ரிசல்ட் இன்னைக்கோ நாளைக்கோ வந்திரும், “போடுவே பி.எஸ்சி.ன்னு”ன்னு சொல்லிட்டு வந்துட்டாக. எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான் போட்டாக, ரிசல்ட் வரதுக்கு முன்னால போடுறது ஒரு தப்பாவே யாருக்கும் தோணல. எழுநூறு பத்திரிகை. கல்யாணம் வைகாசி இருபத்தெட்டு. எட்டாம் நாள் மறுவீட்டு விருந்துக்கு வந்திருக்கோம், முன்னால மாப்பிள்ளை வீட்டு ஆளுக இலைக்கு உக்காந்திருக்காக, அண்ணன் சைக்கிள்ல காலேஜுக்குப் போயி போர்டு பாத்துட்டு வந்து அடுக்களை வாசல்ல நிக்கான், மொகம் செத்துக் கெடக்கு. துணைப்பாடம் கெமிஸ்ட்ரி, முப்பத்தொண்ணு. நாப்பது எடுத்தா பாஸ். என் கையில பாயசக் கரண்டி. அப்பா எங்கிட்ட வந்து குரலைத் தாழ்த்தி, “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சொல்லிருக்காங்க, நம்ம ஒண்ணுதானே சொல்லிருக்கோம். தாலி ஏறியாச்சு. இனிமே எவன் கேக்கப்போறான்? வாயைத் தெறக்காதே, போயி மாப்பிள்ளைக்குப் பாயசத்தை ஊத்து”ன்னாக. போனேன். ஊத்தினேன். ரெண்டாவது தடவையும் ஊத்தினேன். அவுக என்னை நிமிந்து பாத்து சிரிச்சாக. நவம்பர்ல திருப்பி எழுதியிருக்கலாம், எழுதணும்னா புகுந்த வீட்ல சொல்லணும், சொல்லணும்னா பத்திரிகையில போட்டது பொய்யின்னு சொல்லணும், அதுக்குள்ள நித்திலா வயித்துல வந்துட்டா. ஒரு பொய்யி ஒரு நாள்ல பெரிசாயிராது. அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கும். நம்ம தூக்கிப் போடலாம் தூக்கிப் போடலாம்னு பாத்துக்கிட்டே இருக்கையில அது வீட்டுல ஒரு ஆளு மாதிரி ஆயிரும்.

“தேனீ வளர்ப்பு எடுப்போமா ஆவுடை?”ன்னு கேட்டுட்டேன். ஏன் கேட்டேன்னா அதுக்கு எட்டாம் வகுப்பு போதும்னு போட்டிருக்கு. ஆவுடை கண்ணாடியை மூக்குல இறக்கி என்னைப் பாக்கா. “தேனீயா? ரெண்டாவது மாடியில இருந்துக்கிட்டா? அண்ணன் பால்கனியில வேட்டி காயப்போட முடியுமா மைனி?”ன்னு சத்தமா சிரிக்கா. பக்கத்து நாற்காலியில இருந்த ஆளும் திரும்பிப் பாத்துச் சிரிக்காரு. நானும் சிரிக்கேன், வேற என்ன செய்ய. “மொட்டை மாடி இருக்குல்லா, தேன் உடம்புக்கு நல்லதுல்லா”ன்னு நான் வாதாடுறதைக் கேட்டா எனக்கே பரிதாபமா இருக்கு. என் ஆயுசுல ஒரு தேனீயக்கூட நான் நின்னு பாத்ததில்ல, கண்டா ஓடுவேன். ஆவுடை நல்லவ. என்னைவிட எட்டு மாசம்தான் சின்னவ, அவ மாப்பிள்ளை போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்து விருப்ப ஓய்வு வாங்கிட்டு வந்து ஒரு மாசம் வீட்ல இருந்தா, அதுக்குள்ள சுவரைப் பாத்துப் பேச ஆரம்பிச்சுட்டேன் மைனின்னு எங்க வீட்டுக்கு வந்துட்டா. “எனக்குத் தனியாப் போகப் புடிக்கல, நீங்களும் சேருங்க. நீங்க சயின்ஸ் படிச்ச மூளை, சும்மா வச்சித் துருப்புடிக்க விட்டுட்டீங்க”ன்னா. என் வீட்டுக்காரரும் சாப்பாட்டுத் தட்டை வச்சிக்கிட்டு, “ஆமா வடிவு, போ. இப்பவாச்சும் போ”ன்னாக. அந்த ‘இப்பவாச்சும்’ இருக்கே, அது என் ஈரக்கொலையைப் புடிச்சி முறுக்குது. ஆவுடை வீட்டு ஹால்ல அவ பி.காம். பட்டம் வாங்கின போட்டோ தொங்கும், கறுப்பு அங்கி போட்டு, தொப்பி வச்சி, கையில ஒரு சுருட்டுன காயிதம். ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் அதுக்கு முதுகைக் காட்டித்தான் உக்காருவேன். “மைனி, உங்க போட்டோ எங்க?”ன்னு ஒரு தடவை கேட்டா. “கல்யாணம் ஆயிட்டு, பட்டமளிப்புக்குப் போகல”ன்னேன். அதுவும் உண்மைதானே. போகலதான். பொய் சொல்லுறவளுக்கு உண்மை கொஞ்சம் கொஞ்சமாத் தேவைப்படும், ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கிட வேணும்.

பதினேழுங்கா. மூணு பேரு அதுக்குள்ள எப்படிப் போனாங்க? யோகா, பத்தாம் வகுப்பு. என் முட்டிக்கு யோகா ஒத்து வராது, அது ஆவுடைக்கும் தெரியும். சைகை மொழி, பன்னிரண்டாம் வகுப்பு. ஆங், சைகை மொழி. “ஏன் மைனி, நமக்குத் தெரிஞ்சவங்க யாருக்கு அது தேவைப்படுது?”ன்னு கேப்பா. கேட்டா என்ன சொல்ல? வாயைத் தெறக்காம இருந்து இருந்து எனக்குப் பழகிப்போச்சுன்னு சொல்லவா? ஜெர்மன், பன்னிரண்டாம் வகுப்பு. சோதிடம், பட்டம். அடப்பாவி, சாதகம் பாக்கக்கூட பட்டம் கேக்கான். மனநல ஆலோசனை, பட்டம். நூலகம், பட்டம். எனக்கு எதுல ஆசைன்னு நான் இன்னும் யோசிக்கவே இல்ல, கடைக்குப் போயி எந்தப் பொடவையில கறை இல்லன்னு மட்டும் பாக்கிறவளா ஆயிட்டேன். இந்த நாப்பத்தெட்டு வயசுல கெமிஸ்ட்ரியைக் கேட்டா நான் சொல்லுவேன் தெரியுமா, நித்திலா பன்னிரண்டாவது படிக்கையில அவகூட உக்காந்து உக்காந்து அந்தப் புஸ்தகத்தையே கரைச்சிக் குடிச்சேன். அவ தூங்கி விழுவா, நான் சமன்பாடு போட்டுக்கிட்டு இருப்பேன். இப்போ அந்தப் பேப்பரை நீட்டினா எழுபது வாங்குவேன். ரெண்டு மூணு தடவை பேப்பர்ல போட்டான், பழைய அரியர் வச்சிருக்கவங்களுக்குக் கடைசி வாய்ப்புன்னு. வெட்டி எடுத்து மளிகை லிஸ்டுக்குள்ள மடிச்சி வச்சேன். எழுதிப் போட்டா ஹால் டிக்கெட் தபால்ல வரும், தபாலை வாங்குறது அவுக. அதோட விட்டேன்.

அவுக யாருகிட்டயும் ஏமாறுற ஆளு இல்ல. பொதுப்பணித் துறையில கம்பியை ஒரு அங்குலம் கொறைச்சிப் போட்டா எட்டி நின்னே கண்டுபுடிச்சிருவாக, கைலாசம் சார் வாராருன்னா கான்ட்ராக்டர் நடுங்குவான். என் விஷயத்துல மட்டும் எட்டியும் பாக்கல, கிட்டயும் பாக்கல. அவுக டிப்ளமோ, நான் டிகிரி. அதுல அவுகளுக்கு ஒரு பெருமை, பாக்கிறவங்ககிட்ட எல்லாம் “எனக்கு மேல படிச்சவ”ம்பாக. நித்திலா பள்ளிக்கூட பாரத்துல, தாயின் கல்வித் தகுதின்னு இருக்கிற எடத்துல, வருஷா வருஷம் அவுக கையாலயே பி.எஸ்சி.ன்னு எழுதி, புள்ளி வச்சி, அழகு பாப்பாக. நித்திலாவுக்கு இன்ஜினீயரிங் எடம் கெடச்சப்போ, குடும்பத்துல முதல் பட்டதாரின்னா ஃபீஸ்ல சலுகை உண்டுன்னு எல்லாரும் தாசில்தார் ஆபீஸுக்கு ஓடுறாங்க. இவுக சிரிச்சிக்கிட்டே, “நமக்குக் கெடைக்காது, அவ அம்மா பட்டதாரில்லா”ன்னு முழு ஃபீஸையும் கட்டிட்டு வந்தாக. அன்னைக்கு நான் குளிமுறியில தண்ணியைத் தெறந்துவிட்டுட்டு அழுதேன். நாலு வருஷம் கட்டினாக. எம் மகதான் முதல் பட்டதாரி, அது அவளுக்கே தெரியாது. இதெல்லாம்கூட ஆறிப்போகும்னு வைங்க. ஆறாதது அந்த ஸ்கூல் வேலை. நித்திலாவுக்கு நாலு வயசு, பக்கத்துல ஒரு மெட்ரிக்குலேஷன் ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர் வேணும்னு கேட்டாங்க, இவுகளே போயிப் பேசிட்டு வந்துட்டாக, திங்கக்கிழமை சர்டிபிகேட்டை எடுத்துக்கிட்டு வரச் சொல்லிருக்காங்கன்னு. அப்போ எங்க அத்தை, அவுக அம்மா, பக்கவாதம் வந்து படுத்து ரெண்டு மாசம். நான் சட்டுன்னு, “அத்தையை இப்படிப் போட்டுட்டு நான் எப்படி வேலைக்குப் போக? எனக்கு வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்”ன்னேன். வாயில அதுவா வந்துச்சு. அவுக எந்திரிச்சிப் போயி பால்கனியில நின்னாக. திரும்பி வரையில கண்ணு செவந்திருந்துச்சு. அன்னையில இருந்து, இந்த இருபத்திரண்டு வருஷமா, காலையில காப்பி போடுறது அவுக. நான் எந்திரிக்கையில டம்ளர் கட்டில் பக்கத்துல இருக்கும். “எங்கம்மாவுக்காக அவ படிப்பையே குழியில போட்டா”ன்னு கல்யாண வீட்ல, கருமாதி வீட்ல, பஸ்ல பக்கத்துல உக்காந்தவன்கிட்ட, ஒருத்தர் பாக்கி இல்லாமச் சொல்லிருக்காக. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நான் தலையைக் குனிஞ்சுக்கிடுவேன், எல்லாரும் அதை அடக்கம்னு நெனைப்பாங்க. பட்டம் இல்லைங்கிறது தெரிஞ்சா இதுவும்லா போயிரும். டம்ளர் போயிரும், அந்தப் பார்வை போயிரும். அதுதான் பயம். ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும், ஊருக்கு என்ன, அவுக மொகத்தை நான் எப்படிப் பாப்பேன்?

“கெடச்சிட்டு!”ன்னு ஆவுடை கூவுறா. எனக்குத் தூக்கிவாரிப் போடுது. “மைனி, உங்களுக்குன்னே போட்டிருக்கான். பறவையியல், ஆறு மாசம், சனி ஞாயிறு வகுப்பு, மாசம் ஒரு நாள் குளத்துக்குக் கூட்டிட்டுப் போயி பறவை காட்டுவாங்களாம். தகுதி என்ன தெரியுமா? விலங்கியல் பட்டம்! இந்த ஹால்ல உங்களை விட்டா யாருக்கு இருக்கு அது?” ஐயோ, ஐயோ. அவ சொன்னதும் எனக்கு உள்ள ஏதோ அசைஞ்சிட்டு. பறவை. ரெண்டாம் வருஷம் எங்களைக் கூந்தன்குளத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, ஒரு லாரி பிள்ளைக, ஆளுக்கொரு பொட்டலம் லெமன் சாதம். அந்த ஊருல வீட்டுக் கொல்லையில மரத்துல எல்லாம் நாரை கூடு கட்டியிருக்கு, கீழ பொம்பளைக பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருக்காக, எச்சம் விழுந்தா தொடச்சிக்கிட்டு வெளக்குறாக, ஒருத்தியும் விரட்டல. அந்த ஊருல கல்யாணப் பத்திரிகை அடிச்ச வீட்லகூட பறவைக்காக வேட்டு போடமாட்டாங்களாம்னு ஒரு பொம்பளை சொன்னா. நான் ஒரு கூழைக்கடாவைப் பாத்துக்கிட்டு அப்படியே நின்னுட்டேன், லாரி ஹாரன் அடிச்சி அடிச்சிக் கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் எனக்குன்னு எதையும் நான் அப்படி நின்னு பாத்தது கெடையாது. அடுக்களை ஜன்னல்ல வந்து உக்காருற குக்குறுவானை மட்டும் பாப்பேன். அது கத்தினா அடுப்பை அணைச்சிருவேன். எனக்கு ஆசையா இருக்கு. இந்த ஒரு பாடத்துக்குத்தான் ஆசையா இருக்கு, இருக்கிறதுலயே இதுக்குத்தான் வாசல் இறுக்கிப் பூட்டியிருக்கு. வேண்டாம்னு சொல்லணும். “வெயில்ல அலையணும் ஆவுடை”ன்னேன். குரலு எனக்கே கேக்கல. “தொப்பி போட்டுக்கிடலாம். எனக்குக் கல்வெட்டியல், உங்களுக்குப் பறவையியல், ஒரே நாள்தான் வகுப்பு, ஒரே பஸ்ஸு”ன்னு சொல்லிக்கிட்டே என் கையில இருந்த பாரத்தைப் புடுங்கி, பேனாவை எடுத்து, பெயர் ச. சண்முகவடிவுன்னு எழுதி, கல்வித் தகுதின்னு இருக்கிற கோட்டுல, யோசிக்காம, பி.எஸ்சி. விலங்கியல்னு எழுதிட்டா. அண்ணனும் தங்கச்சியும் ஒரே கையெழுத்து. ரெண்டு புள்ளி வச்சி அழகு பாக்கிறது உட்பட.

இருபத்திரண்டுன்னு மைக்குல சத்தம். ஒரு தடியான கண்ணாடிக்காரர், வரிசைக்கு முன்னாலயே பாரத்தை வாங்கிச் சரிபாத்து அனுப்புறவரு, எங்ககிட்ட வந்து நின்னு, “பட்டச் சான்றிதழ் நகல் வச்சிருக்கீங்களாம்மா ரெண்டு பேரும்?”னு கேக்காரு. ஆவுடை பிளாஸ்டிக் உறையில இருந்து தன்னோடதை எடுத்து நீட்டுறா. என்னைப் பாக்காரு. “மறந்துட்டு வந்துட்டேன்”ன்னேன். பொய்யிதான் எவ்வளவு லேசா வருது. “பரவால்லம்மா, இன்னைக்குத்தான் கடைசி நாள், வீட்ல யாராவது இருந்தா போட்டோ எடுத்து போனுக்கு அனுப்பச் சொல்லுங்க, நான் பாத்துட்டு விடுதேன், அசலை வகுப்புக்கு வரையில காட்டினாப் போதும்”ங்காரு. நல்ல மனுசன். உலகத்துல நல்ல மனுசங்களாலதான் எனக்கு ஆபத்து. “இன்னைக்குச் சனிக்கிழமைலா, அண்ணன் வீட்லதான் இருக்கும்”ன்னு ஆவுடை போனைப் போட்டுட்டா. நான் அவ கையைப் புடிக்கேன், “வேண்டாம் ஆவுடை, அவுக தூங்குவாக”ங்கேன், “காலையில பதினோரு மணிக்கா தூங்கும்?”ங்கா. ஸ்பீக்கர்ல அவுக குரலு கேக்குது. “அண்ணே, மைனி டிகிரி சர்டிபிகேட் எங்க இருக்கு? போட்டோ எடுத்து அனுப்பு, பறவை பத்திப் படிக்கப் போறாக.” “அப்படியா! பறவையா?” அவுக குரல்ல அந்தச் சந்தோசம் இருக்கே, மகளுக்கு எடம் கெடச்சப்போகூட நான் கேக்கல. “பீரோவுல கீழ்த்தட்டுல அவ ரெக்கார்டு நோட்டு வச்சிருப்பா, அதுலதான் இருக்கும். இரு, பாக்கேன்.” அந்த நோட்டுலதான் இருக்கு. சர்டிபிகேட் இல்ல, மார்க் ஷீட்டு. எங்க அண்ணன் காலேஜ்ல வாங்கிட்டு வந்து குடுத்ததைக் கிழிக்கவும் மனசு வராம, நோட்டு அட்டைக்கும் காக்கி உறைக்கும் நடுவுல சொருகி வச்சேன். அந்த நோட்டை அவுக எத்தனை பேருக்கு விரிச்சிக் காட்டியிருக்காக, ‘கரப்பான் பூச்சியைக்கூட எப்படி வரைஞ்சிருக்கா பாருங்க’ன்னு. காட்டின அத்தனை தடவையும் அந்த உறைக்குள்ள அது இருந்துச்சு, அவுக கட்டைவிரலுக்கு அடியில. இன்னைக்கு உள்ள தேடுவாக. போன்ல பீரோ கதவு கிறீச்சுங்குது. சாவிக்கொத்து. எதையோ நகத்துறாக. என் பொடவைகளை எடுத்துக் கட்டில்ல வைக்காக போல. “நோட்டு கெடச்சிட்டு”ங்காக. பக்கம் புரளுது. “தவளை இருக்கு, மண்புழு இருக்கு... சர்டிபிகேட்டைக் காணலயே.” அவுக கண்டுபுடிக்கட்டும், கண்டுபுடிச்சித் தெரிஞ்சிக்கிடட்டும், நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு ஒரு மனசு சொல்லுது. இன்னொண்ணு, அவுக தனியா அந்தக் கட்டில்ல உக்காந்து, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, முப்பத்தொண்ணைப் படிக்கிறதை நெனைக்குது. பக்கத்துல யாரும் இல்லாம. எனக்குத் தாங்கல. போனைப் புடுங்கிட்டேன். ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாம எதை எதையோ அமுக்கி, அமுக்கிக்கிட்டே வராண்டாவுக்கு ஓடியாந்தேன்.

“தேடாதீங்க”ன்னேன். “யாரு, வடிவா? வேற எங்கயும் வச்சிருக்கியா?” “எங்கயும் இல்ல. நான் வாங்கல.” “பட்டமளிப்புக்குப் போகாட்டி என்ன, இப்போ எழுதிப் போட்டாலும் அனுப்புவான்லா? நான் விசாரிக்கேன்.” எப்பவும் எனக்கு ஒரு வழி வச்சிருப்பாக, அதுல எறங்கி ஓடிரலாம், இப்பவும் ஓடலாம். வராண்டாவுல ஒரு தண்ணி கேன், பக்கத்துல சங்கிலி போட்ட டம்ளர், அதையே பாத்துக்கிட்டு நிக்கேன். “நான் பாஸ் பண்ணல”ன்னேன். “கெமிஸ்ட்ரியில போச்சு. மறுவீட்டு விருந்து அன்னைக்கே தெரியும்.” நோட்டு மூடுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், “எத்தனை மார்க்கு?”ன்னாக. “முப்பத்தொண்ணு.” “பாஸுக்கு எத்தனை?” “நாப்பது.” “ஒம்பது”ன்னாக, சைட்டுல அளவு சொல்லுற மாதிரி. “ஏசுங்க. எதுனாலும் ஏசுங்க, இப்படி இருக்காதீங்க”ன்னேன். ஏசல. “அப்போ அந்த ஸ்கூல் வேலை...”ன்னு ஆரம்பிச்சாக, நிறுத்தினாக. “அம்மாவுக்காகன்னு நீ போகாம இருந்தது...” “சர்டிபிகேட் கேப்பாங்கன்னுதான் போகல.” சொல்லிட்டேன். இருபத்தேழு வருஷமா நான் பயந்ததெல்லாம் எனக்காக. எனக்கு என்ன ஆகும், என்னை என்ன சொல்லுவாக, என் மொகம் என்ன ஆகும். அவுகளுக்கு என்ன ஆகும்னு ஒரு நாள் நெனச்சிருக்கேனா, பாவி? “நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே வடிவு”ன்னாக. குரலு உடைஞ்சி, சின்னப்பிள்ளை மாதிரி. “எங்கம்மாகிட்டயும் சொன்னேன். அவளுக்கு வாய் பேச வராது, உன் கையைப் புடிச்சிக்கிட்டே கெடந்தா.” உள்ள இருபத்தாறுன்னு கூப்பிடுறா, “மைனி, நம்ம நம்பர்”ன்னு ஆவுடை வாசல்ல வந்து நிக்கா, என் மொகத்தைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டா. நான் அவளுக்கு முன்னாலயே, சத்தமா, அழுதுக்கிட்டே சொன்னேன், “ஆனா பாத்தேன்லா? நாலு வருஷம் பீயும் மூத்திரமும் எடுத்து நான் அத்தையைப் பாத்தேன்லா? அது பொய்யி இல்லைல்லா?” மைக்குல திரும்பவும் இருபத்தாறு, அப்புறம் இருபத்தேழு. வேற யாரோ எந்திரிச்சிப் போறாங்க. “பாத்தே”ன்னாக. அவுக போனை வைக்கல. நானும் வைக்கல.